மருந்தும் துஆவும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகின்றோம். புகழனைத்தும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். பள்ளியின் மின் கட்டணம், ஒலிபெருக்கி பழுது நீக்கிய செலவு, மையவாடிச் சுற்றுச்சுவர் என்று வாசித்துக்கொண்டே வந்து, "மருத்துவ உதவி" என்று ஒரே வரியில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்கிற்குச் சென்றுவிட்டார்கள். கணக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆயினும் அந்த ஒரு வரிக்குள்ளே நம் மஹல்லாவின் ஒரு குடும்பம் சுமார் இரண்டரை ஆண்டுக் காலம் வாழ்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசலாமா என்று அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டோம். பெயர் மட்டும் வேண்டாம் ஹஜ்ரத், மற்றதெல்லாம் சொல்லுங்கள், யாருக்காவது பயன்படும் என்று அந்தப் பிள்ளையின் தாயார் சொல்லி அனுப்பினார்கள். ஆகவே பெயர் சொல்ல மாட்டோம். யாரென்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் நன்று.

முதலில் நம்முடைய தவறைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் இந்த உரை பொய்யாகிவிடும்.

2022ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அந்தத் தகப்பனார் நான்கு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தார். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, காலை ஊன்றினால் வலிக்கிறது என்று அழுகிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை, ஓதிப் பாருங்கள் என்றார். நாம் ஓதி ஊதினோம். தண்ணீரிலும் ஓதிக் கொடுத்தோம். கண்ணேறாக இருக்கும், பொறுமையாக இருங்கள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னோம். ஓதியது தவறல்ல. நபிகளார் (ஸல்) அவர்களே நோயாளிகளுக்கு ஓதியிருக்கிறார்கள். ஓதி முடித்த பின், நாளைக் காலை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினோமே, அதுதான் தவறு. இன்னொரு தடவையும் வந்தார். அப்போதும் சொல்லவில்லை. இடையில் ஒரு மருத்துவரும் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்படிப் பதினெட்டு நாட்கள் கழிந்தன. பிள்ளையின் முதுகிலும் தொடையிலும் அடிபடாமலேயே கருநீலத் தழும்புகள் தோன்றின. பல் துலக்கினால் இரத்தம் நிற்கவில்லை. அதன் பிறகே நெய்வேலிக்கு ஓடி, அங்கிருந்து வடலூர், கடலூர் வழியாகப் புதுவை ஜிப்மருக்குக் கொண்டு சென்றார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

காய்ச்சல் தொடர்வது, உடல் வெளிறுவது, எலும்பு வலி, காரணமில்லாத கன்றிய தழும்பு, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுவது ஆகிய இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றே இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். இதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. இப்போது அறிந்திருக்கிறோம், ஓதிப் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்கிறோம்.

நோய் இன்னதென்று தெரிந்த இரவு அவர் ஜிப்மரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "நான் யாருக்கு என்ன அநியாயம் செய்தேன் ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஊரிலும் அதற்குள் பேச்சு எழுந்துவிட்டிருந்தது. எந்த வட்டிப் பணம் உள்ளே வந்ததோ என்றார் ஒருவர். நேர்ச்சை செய்து நிறைவேற்றாமல் விட்டிருப்பார்கள் என்றார் மற்றொருவர். பள்ளிவாசல் திண்ணையிலேயே இந்தப் பேச்சு நடந்ததை நாம் நம் காதால் கேட்டோம்.

அருமைச் சகோதரர்களே! அய்யூப் நபி (அலை) அவர்கள் என்ன பாவம் செய்து அத்தனை ஆண்டுகள் நோயில் கிடந்தார்கள்? மகனைப் பிரிந்து அழுதழுது கண் வெளுத்துப் போன யஃகூப் நபி (அலை) அவர்கள் செய்த குற்றம் என்ன? அகிலத்தின் அருட்கொடையான நம் நாயகம் (ஸல்) அவர்கள் பால்குடி மாறாத தம் மகன் இப்ராஹீமை மடியில் ஏந்தி, அந்தக் குழந்தையின் உயிர் பிரிவதைப் பார்த்துக் கண்ணீர் வடித்தார்களே, அதற்கு எந்தக் கணக்கைக் காட்டுவீர்கள்? அழுவது பொறுமைக்கு மாறானதல்ல என்பதை அந்தக் கண்ணீரிலிருந்துதான் நம் முன்னோர்கள் விளங்கிக்கொண்டார்கள். நோயுற்ற பிள்ளையின் தகப்பனைப் பாவியென்று பேசுகிறவர், தமக்கு இறைவனின் மறைவான ஏட்டைப் படிக்கும் வல்லமை உண்டென்று உரிமை கொண்டாடுகிறார். அது எவ்வளவு பெரிய வார்த்தை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நோயின் வரலாற்றை அங்கே குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் ஓர் இளம் மருத்துவர் சொல்லக் கேட்டோம். பிறகு நாமும் தேடிப் படித்தோம். மத்ரஸாவில் ஓதியவனுக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். லால்பேட்டையில் ஓதிய நாட்களில் எம் உஸ்தாது ஒருவர், ஒரு மஸ்அலாவுக்குப் பதில் சொல்லுமுன் கேட்பவனின் தொழிலைத் தெரிந்துகொள் என்பார்கள். நோயைப் பற்றிக் கேட்டால் நோயையும் தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

1947ஆம் ஆண்டு வரை உலகில் எங்கும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்து போவார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் சாண்ட்லர் என்ற சின்னஞ்சிறு பாலகனுக்கு இந்நோய் வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அவன். கூடப் பிறந்தவன் நல்ல உடல்நலத்தோடு ஓடி விளையாட, இவன் நடக்க முடியாமல் கிடந்தான். சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் முதலில் கொடுத்த மருந்து பலிக்கவில்லை. டிசம்பர் 28ஆம் தேதி அமினோப்டெரின் என்ற வேறொரு மருந்தைச் செலுத்தினார். ஏறிக்கொண்டே சென்ற வெள்ளை அணுக்கள் இறங்கத் துவங்கின. பிள்ளை எழுந்து நடந்தான், உணவு உண்டான். சில மாதங்கள்தாம். நோய் திரும்பி வந்து 1948ஆம் ஆண்டில் இறந்து போனான். ஆனால் அவ்வாண்டு ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் பதினாறு குழந்தைகளின் விவரம் இருந்தது. பத்துக் குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்திருந்தது. அதுவரை எழுதப்படாத செய்தி அது.

அந்த மருந்தைச் செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? நம் மதராஸ் மாகாணத்துக்காரர். பீமவரத்தில் 1895இல் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர். அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் கூடத்திலிருந்துதான் அமினோப்டெரினும், அதற்கு அடுத்து மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தும் வந்தன. அவரும் அதே 1948ஆம் ஆண்டில் காலமானார். நம் மஹல்லாப் பிள்ளை இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒரு முறை விழுங்கிய மஞ்சள் மாத்திரை அந்த மெத்தோட்ரெக்சேட்தான். மருந்தின் பெயரைச் சொல்லி அந்தத் தாயாருக்கு இந்தச் செய்தியைத் தெரிவித்தபோது, "அந்தப் பாஸ்டன் பிள்ளையின் அம்மாவுக்கும் சேர்த்து துஆச் செய்கிறேன்" என்றார்கள்.

இன்னொரு மருந்து வின்கிறிஸ்டின். இதைக் கேட்டால் வியப்படைவீர்கள். நம் மையவாடி வேலியோரத்தில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, ஆடு மாடும் வாய் வைக்காதே, சுடுகாட்டுப் பூ என்று வீட்டில் வைக்கவும் தயங்குவார்களே, அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான் அது. கனடா நாட்டில் 1950களில் அதன் இலை சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று ஆராயப் போய், சர்க்கரை குறையாமல் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அதிலிருந்து இது பிறந்தது. எத்தனை ஜனாஸாக்களின்போது அந்தச் செடியை மிதித்துக்கொண்டு போயிருப்போம்! நோயை இறக்கியவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்ற கருத்தில் நபிமொழி இருப்பதை நாம் ஆயிரம் முறை மிம்பரில் சொல்லியிருக்கிறோம். அது நம் மையவாடி வேலியிலேயே இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. (இதைக் கேட்டுவிட்டு யாரும் அந்தச் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டாம். அதை அப்படியே உட்கொண்டால் நஞ்சு.)

நம் தமிழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்காமல் வைத்திருந்து, 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் துவக்கினார். அங்கே வாழ்நாள் முழுவதும் பணியாற்றி 2021 ஜனவரியில் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரை அறியாதவர் இருக்க மாட்டார்கள். 1980களில் அடையாறு மருத்துவமனையும், மும்பை டாட்டா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து இந்த நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரே சீரான சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. பிழைக்கும் பிள்ளைகளின் தொகை அதன் பிறகே நம் நாட்டில் நன்கு உயர்ந்தது. இன்று செல்வ நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவு இல்லாமைக்குப் பெரிய காரணங்களில் ஒன்று, பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிடுவது. இதை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம்.

முதல் மாதம் கடினமானது. ஸ்டீராய்டு மாத்திரையால் பிள்ளையின் முகம் வீங்கிவிட்டது. அடங்காப் பசி, நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்பான். இல்லையென்றால் தாயைக் கடிப்பான். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. முதுகுத் தண்டில் ஊசி போடும் நாட்களில், முழங்கால் நெஞ்சில் படும்படி அவனைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை தகப்பனாரால் பிடிக்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டார். தாயார்தான் பிடித்துக்கொண்டார்கள். மூன்று தடவை குல்ஹுவல்லாஹு ஓது, முடிந்துவிடும் என்று காதில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடவை அவனே செவிலியரிடம், "மூணு குல்ஹு முடியறதுக்குள்ள எடுத்துடணும்" என்று நிபந்தனை போட்டிருக்கிறான். அந்தச் செவிலியர் கிறித்தவ மதத்தைச் சேர்ந்தவர். சில மாதங்களில் அவருக்கே அது எங்கே முடிகிறது என்பது விளங்கிவிட்டது. ஒரு நாள் சற்றுத் தாமதமாகவே, "மெதுவாய் ஓது தம்பி, இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றாராம். இதைச் சொல்லும்போது அந்தத் தாயார் சிரித்தார்கள்.

இரத்தம் நிறையத் தேவைப்பட்டது. தட்டணுக்கள் அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டன. எடுத்த ஐந்து நாட்களுக்குள் செலுத்திவிட வேண்டியவை அவை. முன்கூட்டி வாங்கி வைக்க இயலாது. நம் இளைஞர்கள் ஆறு பேர் முதல் பேருந்தில் புறப்பட்டுச் சென்றார்கள். தகப்பனாருடன் சுரங்கத்தில் ஒப்பந்தப் பணி செய்யும் தோழர்கள், மாற்றுமதச் சகோதரர்கள், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்தார்கள். அடுத்த ரமலானில் ஒரு நாள் அவசரத் தேவை ஏற்பட்டபோது நம் பிள்ளைகள் சிலர், நோன்பு முறிந்துவிடுமோ என்று தயங்கினார்கள். இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது. நபிகளார் (ஸல்) அவர்கள் நோன்பு நிலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டதாக ஹதீஸ்களில் வந்துள்ளது. நோன்பைத் தொடர முடியாத அளவுக்குத் தளர்ச்சி வருமென்றால் அது மக்ரூஹ். கொடுத்த பின் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமென்று மருத்துவர்கள் சொல்வதால், காத்திருக்க முடிந்தால் இஃப்தாருக்குப் பின் கொடுப்பது சிறந்தது. காத்திருக்க முடியாதென்றால் பகலிலேயே கொடுங்கள்.

தேன் விஷயத்தில் ஒரு சிறு பூசல் நடந்தது. பிள்ளையின் நன்னி காட்டுத் தேன் ஒரு போத்தல் கொண்டு சென்றார்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது காய்ச்சாத எதுவும் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். தேனில் நிவாரணம் உண்டென்று அல்லாஹ் சொல்லியிருக்க, இவர்கள் யார் தடுக்க என்று அந்த மூதாட்டிக்குக் கோபம். எம்மிடம் வழக்கு வந்தது. தேனில் நிவாரணம் இருப்பது உண்மை, அதில் ஐயமில்லை. ஆனால் எந்த உடலுக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதைத் தெரிந்தவரிடம் கேட்பதும் மார்க்கம்தான் என்றோம். தண்ணீரும் அருட்கொடைதான், காயத்தில் தண்ணீர் பட்டால் கேடு என்றால் தயம்மும் செய்யச் சொல்கிறதே ஷரீஅத் என்றும் சொன்னோம். நன்னி முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் போத்தலைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைக்குக் கத்னா செய்வதையும் அதே காரணத்தால் தள்ளிவைக்கச் சொன்னோம். இரத்தம் உறையாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து, தாமதத்தால் குற்றமில்லை.

இனி, எம்மைப் பெரிதும் தடுமாற வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் படுக்கையில் கடலோரக் கிராமத்துப் பிள்ளை ஒருவன் இருந்தான். மீனவக் குடும்பம், இந்துக்கள். இவனைவிட ஒரு வயது மூத்தவன். இரண்டு தாய்மார்களும் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் இரு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். நான்காவது மாதம் அந்தப் பிள்ளைக்குக் கிருமித் தொற்றுக் காய்ச்சல் வந்து இரண்டு நாளில் இறந்துவிட்டான். அவன் விளையாடிய பிளாஸ்டிக் லாரியை அந்தத் தாய், நம் பிள்ளையின் படுக்கையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் நாம் நோய் விசாரிக்கச் சென்றிருந்தோம். நம் பிள்ளையின் தாயார் திரைக்கு அப்பால் நின்றவாறு கேட்டார்கள்: "அவளும் ராத்திரியெல்லாம் அழுது கேட்டாளே ஹஜ்ரத். நான் கேட்டது மட்டும் எப்படிக் கபூலாகும்? நான் அவளைவிட எதில் உயர்ந்துவிட்டேன்?"

பதினேழு ஆண்டுகள் மிம்பரில் நின்றவர்கள் நாம். துஆவின் வகைகள், ஏற்கப்படும் நேரங்கள், தாமதத்தின் ஹிக்மத்துகள் எல்லாம் மனப்பாடம். ஒன்றும் வாயில் வரவில்லை. சிறு பிள்ளைகள் பாவமற்றவர்கள், அந்தப் பிள்ளை ரஹ்மானின் பொறுப்பில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னோம். மற்றதற்கு விடை எம்மிடம் இல்லை அம்மா என்றும் சொன்னோம். அவர்கள் சற்று நேரம் மௌனமாயிருந்து, "சரி ஹஜ்ரத், நீங்களாவது இல்லையென்று சொன்னீர்கள்" என்றார்கள். அன்று முதல் அவர்கள் தம் மகனுக்காக மட்டும் தனியாகத் துஆக் கேட்பதில்லை என்று பின்னர் அறிந்தோம். அந்த வார்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரையும் படுக்கை வரிசைப்படி பெயர் சொல்லிக் கேட்பார்களாம்.

2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் வந்தது. பிள்ளைக்கு முடி முளைத்துவிட்டது, கன்னம் சாதாரணமாகிவிட்டது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பெருநாள் தொழுகைக்கு வந்தான். நீங்களெல்லாம் பார்த்தீர்கள், பலர் கண்ணீர் விட்டீர்கள். அதற்கு மறு வாரம் தகப்பனார் எம்மிடம் வந்தார். முகத்தில் நிம்மதி. "ஹஜ்ரத், அல்லாஹ் ஷிஃபாவைக் கொடுத்துவிட்டான். மஜ்ஜையில் நோய் இல்லையென்று ரிப்போர்ட்டே வந்துவிட்டது. இன்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் மாத்திரை போடவேண்டுமாம். மாதா மாதம் நாலு நாள் வேலை போகிறது. ஷிஃபா கிடைத்துவிட்டதென்று நம்புவதுதானே ஈமான்? இனியும் மாத்திரை கொடுத்தால் அவன் கொடுத்ததை நம்பாத மாதிரி ஆகாதா?" என்றார். ஒரு வைத்தியர் சூரணம் தருவதாகவும் சொல்லியிருந்தார் போலும்.

பதினெட்டு நாட்களைத் தொலைத்தவர்கள் நாம். இம்முறை உடனே பதில் சொல்லத் துணியவில்லை. அந்த இளம் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். முதல் மாத சிகிச்சையில் நோய் அடங்கியதாகக் காணப்படும்போதும் ஆயிரம் கோடி வரை மறைந்திருக்கக்கூடும், நுண்ணோக்கியில் தெரியாது. நீண்ட கால மாத்திரை அந்த மிச்சத்துக்காகத்தான், பாதியில் விட்டால் திரும்பி வரும், திரும்பி வந்தால் அடக்குவது கடினம் என்றார்.

மறுநாள் தகப்பனாரை அழைத்தோம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு, வழியில் ஸர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்ப முடிவு செய்த வரலாற்றைச் சொன்னோம். இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். ஒட்டகத்தை வறண்ட சரிவில் மேய்த்தாலும் பசுமையான சரிவில் மேய்த்தாலும் இரண்டும் அவன் விதிப்படிதானே என்று எடுத்துக் காட்டினார்கள். தகப்பனார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனத்தில் இறங்கியதாகத் தெரியவில்லை.

பிறகு அவருடைய தொழிலைக் கேட்டோம். சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்புகளின் பக்கம் அவருக்கு வேலை. நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்கும். இது எம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "அடியில் தரை காய்ந்து கிடக்கிறது, தண்ணீரே கண்ணில் படவில்லை. இனிமேல் எதற்குப் பம்பு, நிறுத்திவிடலாமே?" என்று கேட்டோம். அவர் எம்மை ஏறிட்டுப் பார்த்தார். "நிறுத்தினால் தரை பொத்துக்கொண்டு ஏறிவிடும் ஹஜ்ரத்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அடுத்த செவ்வாய்க்கிழமை போக வேண்டும், ஐந்து மணிப் பேருந்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்காகத்தான் நம் ஜமாஅத்தின் உதவி துவங்கியது. மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பெரும் பணம் கேட்கவில்லை. போக்குவரத்து, சாப்பாடு, வெளியே வாங்கும் மருந்து, இழந்த கூலி ஆகிய இவைதாம் ஒரு கூலிக் குடும்பத்தை உடைப்பவை. ஸகாத் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். தேவையுள்ளவர் என்பது உறுதியானால் அவர் கையில் கொடுத்து உடைமையாக்கிவிட வேண்டும், அதன் பிறகு அவர் டிக்கெட் வாங்கினாலும் அரிசி வாங்கினாலும் அவர் உரிமை, ரசீது கேட்காதீர்கள் என்றோம். பொருளாளர் அவர்கள் ஒவ்வொரு மாதமும் தாமே வீட்டுக்குச் சென்று உறையில் வைத்துக் கொடுத்தார்கள். பள்ளியில் வரிசையில் நிற்க வைக்கவில்லை. இதற்கு அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தகுதியிருந்தும் அட்டை எடுக்காத வீடுகள் நம் மஹல்லாவில் இன்னும் இருக்கின்றன. நோய் வந்த பின் அலைவதற்கு இப்போதே எடுத்து வையுங்கள். விண்ணப்பம் நிரப்பித்தர நம் இளைஞர் அணியினர் ஆயத்தமாக உள்ளனர்.

2025 பிப்ரவரியில், ஷஅபான் மாதத்தில் கடைசி மாத்திரை முடிந்தது. அணுக்கள் சீரான பின், அவ்வாண்டு கோடை விடுமுறையில் கத்னாவும் நடந்தது. விட்டுப்போன தடுப்பூசிகளைப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறான், காலை மக்தபுக்கும் வருகிறான், பாடம் படிக்காமல் பிளாஸ்டிக் லாரியை ரிஹாலுக்கு அடியில் ஓட்டுகிறான். கண்டும் காணாமல் விட்டிருக்கிறோம். முழுவதும் குணமாகிவிட்டதா என்று எம்மிடம் கேட்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகள் பரிசோதனைக்குச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை இரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வருவதற்குக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் தாயாரின் தஸ்பீஹ் நிற்பதில்லை. கடலோரத்துத் தாயாரும் நம் பிள்ளையின் பரிசோதனை நாட்களைக் கேட்டு வைத்துக்கொண்டு, மாலையில் தவறாமல் தொலைபேசியில் அழைத்து விடுகிறாள்.

இன்று அந்த வார்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். இரத்தம் கொடுக்க விரும்புவோர் பட்டியல் ஒன்றை முஅத்தின் அவர்கள் வைத்திருக்கிறார்கள். பெயர், இரத்த வகை, தொலைபேசி எண் மட்டும் எழுதினால் போதும். சென்ற ஆண்டு இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். நான்கு பேர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள், ஆகவே இப்போது பத்தொன்பது. அஸர் தொழுகைக்குப் பின் அவர் ஹவுளுக்குப் பக்கத்துத் திண்ணையில் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்கள்.